பிக்கப்பைக் கொடுத்து ஏழு பேர் வண்டி எடுத்தோம், அண்ணா

எனக்க பொன்னு அண்ணா,

பிக்கப்பைக் கொடுத்துவிட்டோம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, "விஷயத்தச் சொல்லுலே" என்பாய். விஷயம் இதுதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, வருஷக்கணக்காக வாழைக்குலை ஏற்றிய அந்த வெள்ளை வண்டி இப்போது நம் முற்றத்தில் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வேன் நிற்கிறது. மூன்று வரிசை இருக்கை. பிக்கப் குடித்த டீசலில் பாதியளவு பெட்ரோல் ஊற்றினால் போதும், அதே தூரம் ஓடும்.

சரியாகத்தான் செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். நீ பதில் சொல்லமாட்டாய் என்பது தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் போய்க் கேட்க?

நீ போன பிறகு கொஞ்ச காலம் நானே தோட்டம் தோட்டமாக, விளை விளையாகப் போய் குலை பார்த்தேன், நானே விலை பேசினேன், நானே ஓட்டினேன். இரண்டு ஆள் செய்த வேலை அது. ஒருவனால் ஆகவில்லை. பெரிய வியாபாரிகள் இப்போது சொந்த வண்டியோடு விளைக்கே வந்து வெட்டி எடுத்துப் போகிறார்கள். ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு, குழித்துறைச் சந்தையில் சின்னதாக ஒரு பழக்கடை போட்டுவிட்டேன். சரக்கைக் கடையிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். பிறகு பிக்கப் எதற்கு? நான் ஒருத்தன் கடைக்குப் போய்வர அவ்வளவு பெரிய வண்டியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நிலைமை வேறு. மைனியும் உன் பிள்ளைகளும் இப்போது நம்மோடுதான் சாப்பாடு. அடுப்பு ஒன்றாகிவிட்டது. உன் மூத்தவள் அனு நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை அழைத்து வர வேண்டும், திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி கூடிவிட்டது, பஸ்ஸில் ஏறவே முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. பிக்கப்பின் முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம். மற்றவர்களை எங்கே வைக்க?

பேச்சை எடுத்தது சிந்துதான். என் மனைவி என்பதால் சொல்லவில்லை, உன் விஷயத்தில் அவள் எப்போதும் ஒரு வார்த்தையை நூறு முறை யோசித்துத்தான் பேசுவாள். அன்றைக்கும் மைனியோடு சேர்ந்து மீன் கழுவிக்கொண்டே, ஒரு குடும்ப வண்டி இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள். மைனி என்ன நினைப்பாள், என்ன சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"கொடுத்துரு தம்பி. நிண்ணு துருப்பிடிக்கதுக்கு எதுக்கு?" என்றாள். அவ்வளவுதான். திரும்பவும் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் புரிந்திருக்கும். அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா அதற்கும் மேல். இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் கால் நீட்ட இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புது வண்டி கொடுக்கும் கடைக்கு நான், சிந்து, மைனி மூன்று பேரும் போனோம். அங்கே ஒரு பெண்பிள்ளை நல்ல சிரிப்போடு வந்து உட்கார வைத்து, டீ கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். டவுனுக்குள் ஓடுமா, மலைப்பக்கம் போவீர்களா, மைலேஜ் முக்கியமா, இடம் முக்கியமா. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

"சார், உங்க ஃபேமிலில எத்தன பேரு?"

"எட்டு."

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, இது ஏழு பேர் வண்டி, எட்டு பேருக்கென்றால் வேறு மாடல் இருக்கிறது, ஆனால் மைலேஜ் இவ்வளவு கிடைக்காது என்று இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினாள். நான் அதையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அம்மா, மைனி, அனு, அபி, சிந்து, எங்கள் ஆதி, நான் என்று யாரும் எண்ணிப் பார்த்துவிட்டா பதில் சொல்கிறார்கள்? வாயில் அப்படித்தான் வந்தது. சிந்து மெல்ல என் கையைத் தொட்டு, "ஏழு" என்றாள்.

மைனி வெளியே கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா, விழவில்லையா? இதுவரை நான் கேட்கவில்லை.

பிக்கப்பைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில்தான் அது நடந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, பின்னால் கிடந்த வாழைச்சருகை வாரிப் போட்டு, கயிற்றையும் தார்ப்பாயையும் எடுத்து வைத்துவிட்டேன். சிந்து முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மைனி ஏறவில்லை. பின்பக்கம் போய் நின்றாள்.

"தம்பி, நான் பின்னால ஏறி வாறேன்."

போலீஸ் பிடிப்பார்கள், நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"மெயின் ரோடு வர மட்டும் போதும். பாக்கவன் பாத்துட்டு போட்டும். அன்னைக்கு என்னைய முன்னால ஏத்தி இருத்திட்டாவ. எனக்கு பின்னால ஒரு பிராவசியம், ஒரே ஒரு தடவ, இருக்கணும்."

அன்றைக்கு என்ன நடந்தது என்பது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மூன்று நாள் மழை, ஆறு பெருகி, பள்ளத்து ரோட்டில் தண்ணீர் ஏறிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்றுவிட்டது. பிக்கப்பின் பின்னால் சருகு விரித்து, பாய் போட்டு, உன்னைக் கிடத்தி, மேலே தார்ப்பாயைக் கட்டினோம். சிந்துவின் தம்பி பினு உன் கூட ஏறினான். மைனியும் ஏறத்தான் பார்த்தாள். யாரோ அக்கம்பக்கத்துப் பெண்கள் நனைந்துவிடுவாள் என்று அவளைப் பிடித்து முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். உயரமான வண்டி என்பதால் அந்தத் தண்ணீரைத் தாண்டிவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்போது நீ இல்லை.

அந்த வழி முழுக்க மைனி என் பக்கத்தில்தான் இருந்தாள். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நடுவில் இருந்த சின்னக் கண்ணாடி மழையில் மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வழியைத்தான் அவள் இப்போது கேட்டாள். நான் பின்கதவை இறக்கிவிட்டேன். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மெதுவாக எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஆளைக் காணோம். பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன். சிந்து எட்டிப் பார்த்துவிட்டு, படுத்திருக்கிறார்கள், நீங்கள் போங்கள் என்றாள். வெறுந்தகரத்தில் மல்லாந்து படுத்திருந்தாள் அண்ணா. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், மேலே கிளையும் கிளையும் சேர்ந்து கிடக்கும் இடம். அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள் போலிருக்கிறது.

மெயின் ரோடு வந்ததும் நிறுத்தினேன். இறங்கி, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அவியளுக்கு இந்த மரமெல்லாம் தெரிஞ்சிருக்குமா தம்பி?"

மேலே தார்ப்பாய் கட்டியிருந்ததை அவள் மறந்துவிட்டாளா? நான் எப்படி அதைச் சொல்வேன்? பின்பக்கம் திறந்துதான் கிடந்தது மைனி, அந்தப் பக்கமாகப் பார்த்தால் தெரிந்திருக்கும் என்றேன். பொய் இல்லை. பின்பக்கம் திறந்துதான் கிடந்தது.

"தலை எந்தப் பக்கம் வச்சிருந்துது?"

எனக்குத் தெரியவில்லை அண்ணா. உன்னைத் தூக்கிக் கிடத்தியதில் என் கையும் உண்டு. ஆனால் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அன்று சாயங்காலம் சவூதியில் இருக்கிற பினுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முன்னால் என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, இல்லை அத்தான், பின்னால் என்று நினைக்கிறேன் என்றான். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனாயா, இல்லை கேபின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு போனாயா?

மைனி அதன்பிறகு அதைக் கேட்கவில்லை. முன்னால் ஏறி, சிந்துவின் பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் இரண்டு பேரும் அனுவின் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் முகத்தில் நான் பார்த்தது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டியை வாங்கிய ஆள் சாவியை வாங்கி டப்பென்று மேஜையில் போட்டான். அவ்வளவுதான், முடிந்தது.

புது வண்டியில் முதல் பயணம் கீரிப்பாறைக்கு. மைனியின் அப்பா இன்னும் அங்கே ரப்பர் எஸ்டேட் லைன் வீட்டில்தானே இருக்கிறார். நீ போனதிலிருந்து மைனி அங்கே போகவில்லை. தனியாக எஸ்டேட் பஸ்ஸில் போய் இறங்க மனமில்லை என்றாள். இப்போது ஏழு பேரும் போனோம். ஜன்னல் ஓரத்துக்கு அபியும் ஆதியும் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். ஏற்றத்தில் ஏசியைப் போட்டால் வண்டி முக்குகிறது, அணைத்தால் அம்மா விசிறு என்கிறாள். எல்லோரும் சிரித்தோம். மைனியும் சிரித்தாள். திரும்பி வரும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து உன்னை ஒரு முறைகூட நினைக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, டயரைப் பார்ப்பதுபோல் இறங்கி நின்றேன். உனக்குக் கோபமா அண்ணா? கோபப்படும் ஆள் இல்லை நீ. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வண்டி தாழ்வானது. பள்ளத்து ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே அடியில் உரசுகிறது. இன்னொரு மழை வந்து, வீட்டில் இன்னொருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இது அந்தக் கரைக்குப் போகுமா? தினம் ஓட வேண்டிய வண்டியைப் பார்த்து வாங்கினேன். ஒரே ஒரு நாள் ஓட வேண்டிய வண்டியை விட்டுவிட்டேனோ?

அம்மா விஷயம் சொல்லவேண்டும். வேன் வந்த வாரத்திலிருந்து, சாயங்காலம் ஆனால் அம்மா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்து, நிற்கிற வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நடு வரிசையில், கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டு. அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். முதலில் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். ஒரு நாள் முன்னால் ஏறி, எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் போக வேண்டாம், வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய் என்றாள். செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, போதும் நிறுத்து, பெட்ரோல் போகிறது என்றாள்.

வீட்டுக்குள் காற்று வராமலா இங்கே வந்து இருக்கிறாய் என்று கேட்டேன். கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் இந்த வண்டியில ஏறினதில்ல மக்களே. வீட்டுல எங்க போய் இருந்தாலும் அவன் வந்துருவான். அடுக்களையில வருவான், கட்டில்ல வருவான், கெணத்தாங்கரையில வருவான். இதுக்குள்ள வரமாட்டான். அதான் இஞ்ச வந்து கொஞ்சம் இருக்கேன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். உன்னை அவள் மறக்கப் பார்க்கிறாளா, சுமக்க முடியாமல் கொஞ்சம் இறக்கி வைக்கிறாளா? இரண்டும் ஒன்றுதானா? எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் உன் சின்னவள் அபி, ஸ்டுடியோவில் சொல்லி உன் படத்தைச் சின்னதாகப் போட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் அடைத்து வாங்கி வந்திருக்கிறாள். வண்டியின் முன்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டுமாம். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது எப்போது ஒட்டுவீர்கள் சித்தப்பா என்று கேட்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு அப்பா கூடவே வரவேண்டும். அம்மாவுக்கு நீ வராத ஒரு இடம் வேண்டும். நான் யார் பக்கம் நிற்க?

எவ்வளவோ தெரியாதவற்றை எழுதிவிட்டேன், இது ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். அபியிடம் நான் பேசுகிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது, ஆனால் நாளைக்கு என்று இனி சொல்லமாட்டேன். அந்தப் படம் அவள் படிக்கிற மேஜையில் இருக்கட்டும். உனக்கு வாக்குத் தருகிறேன் அண்ணா, அம்மா இருக்கும் வரை உன்னை அந்த வண்டியில் ஏற்றமாட்டேன்.

நீ வருத்தப்படாதே. வெளியிலேயே கொஞ்சம் நில்லு. அவள் கீரை ஆய்ந்து முடித்துவிட்டு வரட்டும்.

அவள் வயிற்றில் உனக்குப் பிறகு பிறந்த,
உனக்க தம்பி,
ரெகு