உப்பினால் குறைக்கவும்

பிப்ரவரி 6

டயாலிசிஸ் முடித்துவிட்டு பத்திரிகை அலுவலகம் போய், நீதிமன்றச் செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவி அழைத்தாள். அவள் தம்பியின் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. இரத்தம் பொருந்துகிறது, மற்றதெல்லாம் பொருந்துகிறது. எடைதான் இடிக்கிறது. நூற்றொரு கிலோ. தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் அவன் சிறுநீரகத்தை எடுப்பார்களாம். மே மாதம் மறுபடி பார்ப்பார்களாம்.

மனைவிக்குச் சர்க்கரை, அவளால் தர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வேறு ஆளில்லை. பொதுப் பட்டியலில் நான்கைந்து வருடம் ஆகலாம். அதுவரை என் உடம்பு தாங்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போனார். நானும் பலபேரைக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவன். அப்படிப் பேச்சை மாற்றினால் என்ன பொருள் என்று தெரியும்.

மாலையில் மச்சினன் வந்தான். எங்களோடு இருப்பவன், டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘பிரேக்கு’. நாளெல்லாம் அவன் கத்துவது அதைத்தான். சோபாவில் உட்கார்ந்தான், சோபா முனகியது.

“பதினோரு கிலோதானே அத்தான். ஒரு வயசுக் கொழந்தைய இடுப்புலேர்ந்து எறக்கி வெக்கிற மாதிரி.”

வேண்டாம்டா என்று ஆரம்பித்தேன்.

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்காக யாரு செய்யறா? எங்க அக்கா மூஞ்சியப் பாக்க முடியல, அதுக்குத்தான்.”

பிப்ரவரி 9

மருத்துவமனையின் உணவு ஆலோசகரைப் பார்த்தோம். இளம்பெண். மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள்.

“பெரும்பாலும் செடி கொடில வர்றது. காய், கீரை, பழம், பயறு, தீட்டாத தானியம். முழுக்க இல்ல சார், பெரும்பாலும். வாரத்துல ரெண்டு நாள் மீனோ முட்டையோ எடுத்துக்கலாம்.”

“ஆடு மாதிரி மேயச் சொல்றீங்க.”

“குண்டா ஒரு ஆடு பாத்திருக்கீங்களா?”

அவன் பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

பிப்ரவரி 13

அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவன். காலையில் ஒரு சட்டி கொண்டைக்கடலை. மதியம் முட்டைக்கோஸ், பச்சையாக. இரவு ராஜ்மா. நடுவில் பசித்தால் காலிஃபிளவரைக் கையில் பிடித்துக்கொண்டு கடிக்கிறான். “பொக்கே கெடைச்சா அதையும் விடமாட்டான்” என்கிறாள் மனைவி.

பிப்ரவரி 16

வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. சட்டை பட்டன் இரண்டு போடவில்லை. சீட் பெல்ட் போட்டால் மூச்சு முட்டுகிறதாம்.

பிரச்சினை அதோடு போகவில்லை. சின்னக் கார். பக்கத்தில் வண்டி பழகுகிறவர். ஏ.சி. போட்டால் கண்ணாடி மூடியிருக்க வேண்டும்.

“என்னடா செய்யறே?”

“கைல சிக்னல் காட்டறது எப்படின்னு புதுசா ஒரு பாடம் வெச்சிருக்கேன் அத்தான். ‘கண்ணாடிய எறக்குங்க, கைய வெளிய நீட்டுங்க!’ காலைலேர்ந்து ஆறு தடவ நடத்திட்டேன். ஒரு அம்மா, ‘இதெல்லாம் இப்ப யாரு சார் காட்றா’ன்னு கேக்குது. நான் எப்படிச் சொல்ல?”

மனைவி சிரித்துச் சிரித்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி 17

ஆலோசகரிடமிருந்து போனில் செய்தி வந்திருக்கிறது. கொண்டுவந்து காட்டினான். “பயறு, முட்டைக்கோஸ் தினமும் சேர்க்கலாம். வயிறு உப்பினால் குறைக்கவும்.”

“உப்பாலதான் வயிறு இப்படி ஆகுதாம் அத்தான். உப்பக் கொறைக்கச் சொல்றாங்க.”

வாங்கிப் படித்தேன். சரிதான் என்றேன். இரண்டு வருடமாக உப்பில்லாமல் சாப்பிடுகிற எனக்கு அந்தச் சொல் வேறெப்படித் தெரியும்?

குறைப்பது எல்லாம் அவனுக்கு வராது. அடியோடு நிறுத்திவிட்டான். இனி வீட்டில் ஒரே சமையல் என்று மனைவிக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 23

மூன்று கிலோ குறைந்திருக்கிறான்! தராசில் ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தான். வயிறு மட்டும் அப்படியே கல்லாக இருக்கிறது. அதுவும் போகும் என்கிறான்.

நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். போடக்கூடாது. போட்டேன்.

பிப்ரவரி 26

வண்டியில் மயக்கம் வந்துவிட்டது.

உச்சிவெயில், வேர்வை. கண் இருட்டிக்கொண்டு வரவும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம்கட்டச் சொல்லியிருக்கிறான். வண்டி பழகிக்கொண்டிருந்த வங்கி ஊழியர்தான் எனக்குப் போன் செய்தார்.

போய்ப் பார்த்தால் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறான், முகம் வெளுத்துப்போய். என்னைக் கண்டதும், “ஆஸ்பத்திரில சொல்லிடாதீங்க அத்தான், வேணாம்னுடுவாங்க” என்கிறான்.

அவன் பயம் அதுதான்! விழுந்து கிடக்கிறவனுக்கு!

எதுக்குடா இதெல்லாம். அந்த வண்டியில ஏதாவது ஆகியிருந்தா இவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நான் கேட்டேனா? — கேக்கல. வேணாம்னு அழுத்திச் சொன்னேனா? — அதுவும் இல்ல. பேருக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 27

அவன் சொன்னதைக் கேட்காமல் நானே ஆலோசகரிடம் அழைத்துப்போனேன். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். உப்புச்சத்து இறங்கியிருந்தது.

“உப்பில்லாமச் சாப்பிடச் சொன்னது யாரு?”

“நீங்கதாம்மா.”

போனைக் காட்டினான். அந்தப் பெண் படித்தாள். இன்னொருமுறை படித்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ சார்! வயிறு உப்பினால்... உப்பிப்போனா! ஊதிக்கிட்டா! அப்ப பயறக் கொறைங்கன்னு எழுதினேன்.”

மச்சினன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“முப்பது வருசமா பேப்பர்ல அடுத்தவன் தமிழத் திருத்தறவரு. ‘சரிதான்’னாரு.”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பிளாஸ்டிக் ஆப்பிளைத் தட்டிவிட்டாள். நேராக எழுதாதது தன் தப்பு என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். காது சுட்டது.

குறைந்த மூன்று கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தானாம். உப்பு சேர்த்தால் திரும்பி வந்துவிடும். மயக்கம் மறுபடி வராதவரை, சிறுநீரகம் தர அவன் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் ஒழுங்காகச் சொன்னாள். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைக்க வேண்டும். முதலில் இரண்டு ஸ்பூன், வயிறு பழகப் பழகக் கூட்டலாம். கோஸ் பச்சையாக வேண்டாம். மென்று தின்ன வேண்டும். சாப்பிட்டதும் கொஞ்சம் நடை. சோடா கூடாது.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: “ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்காம நேரா நாலாவதுல போட்டுட்டேன் அத்தான். நிக்காம என்ன செய்யும்?”

மார்ச் 5

தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. நூறு கிலோ. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து பயறை ஊறவைத்தான்.

மார்ச் 18

வேறு ஆளாகச் சாப்பிடுகிறான். தட்டில் பாதி காய். ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுகிறான். அள்ளிப் போட்டே பழகிய கை, எடுக்கத் துடிப்பது தெரிகிறது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்கிறான். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பேருடைய துணிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

சட்டை பட்டன் மூடுகிறது. கார்க் கண்ணாடியும்.

ஏப்ரல் 11

தொண்ணூற்று மூன்று. பத்து நாளாக அதே தொண்ணூற்று மூன்று. டிரைவிங் ஸ்கூலில் யாருக்கோ பிறந்தநாள். மேசை நிறைய கேக்கும் பொரித்த கோழியும். இவன் வெளியே போய், நிறுத்தியிருந்த வண்டியில் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றிருக்கிறான்.

“போதும்டா, விட்டுடு. நீ செஞ்சதே பெருசு” என்றேன்.

கோபம் வந்துவிட்டது அவனுக்கு.

“உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தப்ப எத்தன கிளட்ச எரிச்சீங்க? மூணு. முதலாளிகிட்ட திட்டு வாங்கினது நானு. ‘போதும் அத்தான், விட்டுடுங்க’ன்னு சொன்னேனா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடிட்டு உக்காருங்க.”

மனைவி உள்ளேயிருந்து, “அத்தான்கிட்ட பேசற பேச்சாடா இது?” என்றாள். குரலில் கண்டிப்பே இல்லை.

ஏப்ரல் 12

இன்று முதல் வேலைக்கு நடந்தே போகிறான்.

மே 8

எண்பத்தொன்பதரை. செருப்பு, பெல்ட், பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். மூக்குக்கண்ணாடியையும் கழற்றியதால் எண் தெரியாமல், “எவ்வளவு? எவ்வளவு?” என்று எங்களைக் கேட்டான். நான்தான் சொன்னேன்.

மே 25

நாளை மறுநாள் இரண்டு பேருக்கும் ஆபரேஷன். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு மணிநேரம் யோசித்தேன். போய் அவன் அறைக் கதவில் நின்றேன். “தூங்குங்க அத்தான்” என்றான். வந்துவிட்டேன்.

மே 30

பேனா பிடிக்க முடிகிறது. கொஞ்சமாக எழுதுகிறேன்.

அடுத்த வார்டில் இருக்கிறான். வயிற்றுக்குள் காற்றடித்து உப்பவைத்துத்தான் அவனுக்கு ஆபரேஷன் செய்தார்களாம். கண் விழித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ பாடுபட்டேன்?” என்று கேட்டிருக்கிறான். குடல் வேலை செய்யத் தொடங்கினால்தான் வாய்வழி உணவு தருவார்கள். மூன்று நாளாக டாக்டர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரும் அவனிடம் கேட்பது ஒரே கேள்வி: “காத்து பிரிஞ்சுதா?”

இன்று மதியம் மனைவி ஓடிவந்தாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி, “பிரிஞ்சுடுச்சுங்க!” என்றாள். சொல்லிவிட்டு என் கட்டில் ஓரம் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அப்போது நர்ஸ் வந்து, கட்டிலடியில் தொங்கும் என் சிறுநீர்ப் பையைக் காலி செய்தார். ஆபரேஷனுக்கு முன்னால் நாளுக்கு அரை டம்ளர் வந்தாலே பெரிது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. மனைவி அழுகையை நிறுத்தாமலே குனிந்து, அது மறுபடி சொட்டுச் சொட்டாக நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.