வெளிக்குழாயின் சாய்வு

மே 7, வியாழன்

காலையிலிருந்து நாலு வீடு, நாலும் வெளிக்குழாய். மே வந்தால் இந்த ஊரில் ஒரு பிளம்பருக்கு வேறு வேலை கிடையாது. குளிரில் சுவருக்குள் எது வெடித்தது என்பது, வெயில் கண்டு முதல்முறை குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும். வெளியே தண்ணீர் ஒழுங்காக வரும். உள்ளே நிலவறை நிறைந்துகொண்டிருக்கும்.

நாலாவது வீடு என் நண்பன் வெண்டெலுடையது. சனிக்கிழமை மீன்பிடிப் பருவம் தொடங்குகிறதே என்று வெளிக்குழாயில் ஹோஸ் மாட்டிப் படகைக் கழுவியிருக்கிறான், முக்கால் மணி நேரம். அவன் மனைவி ஆர்லிஸ் வேலை முடிந்து வந்து நிலவறைக் கதவைத் திறந்தால் கணுக்கால் அளவு தண்ணீர். அவளுடைய தையல் அறை அங்கேதான். மகளுக்கென்று மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வை சாயம் இறங்கிக் கிடந்தது.

படியில் இறங்கும்போதே சொல்லிவிட்டேன். சுவரைப் பிரிக்கவில்லை, விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை.

"குளிருக்கு முன்னாடி ஹோஸைக் கழட்டாம விட்டிருக்கடா. உள்ள நின்ன தண்ணி உறைஞ்சு குழாயைப் பொளந்துடுச்சு."

"கழட்டிட்டேன் ரெய்னோ. சுருட்டி ஷெட்டுல மாட்டினேன். இன்னைக்குத்தான் திரும்ப எடுத்தேன்."

ஆர்லிஸ் போர்வையைப் பிழிந்துகொண்டே, "கழட்டிட்டேன்," என்று அவன் குரலிலேயே சொன்னாள்.

குடித்த காலத்தில் அவன் பேச்சு முழுவதும் அப்படித்தான். ஹீட்டர் பார்த்தாயா? பார்த்துட்டேன். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தாயா? கூட்டிட்டேன். ஒன்றும் நடந்திருக்காது. ஜூலை வந்தால் அவன் குடியை விட்டு நாலு வருஷம்.

"நவம்பர்ல குடிச்சியா?" என்று என் முன்னாலேயே கேட்டாள்.

"இல்ல ஆர்லிஸ்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே 9

மீன்பிடி முதல் நாள். வெண்டெல் வரவில்லை. தனியாகப் போனேன், இரண்டு மீனோடு திரும்பினேன்.

மே 10

தேவாலயம் முடிந்து காபிக் கடை. அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த மேஜையிலிருந்து டாய்வோ சத்தமாகக் கேட்டான்: "ஹோஸைக் கழட்ட மறந்தவன் வேற எதைக் கழட்டினானாம்? பாட்டில் மூடியையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மே 12

வெண்டெல் வீட்டு நிலவறை காய்ந்துவிட்டது. இன்று சுவரைப் பிரித்தேன். வீட்டில் யாரும் இல்லை.

இந்தக் குழாய் உறையாது என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். பொய்யில்லை. திருகு வெளியே இருந்தாலும், தண்ணீரை அடைக்கும் வாய் ஒரு முழம் உள்ளே, வீட்டுச் சூட்டில் இருக்கும். மூடியதும் நடுவில் மிஞ்சிய தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிடும். அது வடிய ஹோஸ் மாட்டியிருக்கக் கூடாது. இன்னொன்றும் வேண்டும் — குழாய் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும்.

ரசமட்டத்தை அதன் மேல் வைத்தேன். குமிழி எப்போதும் மேடான பக்கம்தான் ஓடும்; இது வெளிப்பக்கம் ஓடியது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். அதே இடம். குழாய் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. வடிய வழியே இல்லை, ஹோஸ் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி.

அதைப் பொருத்தியவன் நான்.

போன நவம்பர் இல்லை, அதற்கும் முந்தின நவம்பர். மறுநாள் விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். காட்டுக் குடிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். வண்டி நிறையத் துப்பாக்கியும் படுக்கையும் சாப்பாடும். ரசமட்டம் அதற்கெல்லாம் அடியில். உள்ளே இருந்த செம்புக் குழாய் எட்டவில்லை என்று இதன் உள்முனையைக் கீழே இழுத்துப் பற்றவைத்தேன். கண்ணாலேயே பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முதல் குளிர் மெத்தென்று போய்விட்டது. இந்த ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது.

புதுசைச் சாய்வு பார்த்துப் பொருத்தினேன். நாலு முறை பார்த்தேன். பழையதைச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டேன். கிளம்பும்போது ஆர்லிஸ் வந்துவிட்டாள்.

"ஹோஸ்தானே?"

"ம்," என்றேன்.

மே 13

ஹோஸும் மாட்டியே இருந்திருக்கலாம் அல்லவா? இருந்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?

இல்லை, இதை நேராக எழுது. அவன் கழட்டினேன் என்கிறான். அதற்கு எதிராக இருந்த ஒரே சாட்சி நான் படியில் சொன்ன வாக்கியம். அது போய்விட்டது.

முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் என் வேலையை ஒருவரும் திரும்பச் செய்யவைத்ததில்லை. ரெய்னோ கை வைத்தால் பேரன் காலம்வரை நிற்கும் என்பார்கள். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மே 17

மதியம் வெண்டெல் என் பட்டறைக்கு வந்தான். முகம் சவரம் செய்யாமல், சட்டைப் பொத்தான் மாறிப்போய். காபி கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெய்னோ, நான் கழட்டவே இல்லையோன்னு தோணுதுடா."

நான் சர்க்கரை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு. கையுறை போட்டுட்டு திருகு பிடி கிடைக்கல. அவுத்துட்டுத் தொட்டேன், விரல் பித்தளையில ஒட்டிக்கிச்சு. தோல் உரிஞ்சுது. இவ்வளவு ஞாபகம் இருக்கு. ஆனா அந்தக் காலத்துலயும் எனக்கு இப்படித்தான்டா இருக்கும். சத்தியம் பண்ணுவேன். எல்லாம் நானே கட்டின கதையா இருக்கும்."

"ஆர்லிஸ் என்ன சொல்றா?"

"ஒத்துக்கோ, அது போதும்ங்கறா. நேத்து ஒத்துக்கிட்டேன். கழட்டல, நவம்பர்ல குடிச்சேன்னு சொல்லிட்டேன்."

"குடிச்சியா?"

"எனக்குத் தெரியலடா."

பழைய குழாய் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கீழே, சாக்குக்குள் இருந்தது. போகும்போது காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்ன மனுஷன்டா நீ, ரெய்னோ? வாயில என்ன வச்சிருந்தே?

மே 18

நாளை சொல்லிவிடுகிறேன்.

மே 19

மூன்று வீடு. சொல்லவில்லை.

மே 21

காலை ஆறரைக்கு ஆர்லிஸ் போன். ராத்திரி வெண்டெல் ஏரிக்கரையில், படகு இறக்கும் இடத்தில் வண்டிக்குள் கிடந்தானாம். பாட்டில் காலியாம். அவனுடைய அக்கா பெமிட்ஜி ஊரிலிருந்து வந்து கூட்டிப்போய்விட்டாள்.

"ஒத்துக்கிட்டானே ரெய்னோ. மன்னிச்சுட்டேன்னு கூடச் சொன்னேன். அப்புறம் ஏன் குடிக்கணும்?"

நேரில் வருகிறேன் என்றேன். சாக்கையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை மேஜையில் பழைய குழாயை வைத்து, எப்படி இருந்ததோ அப்படிச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். தண்ணீர் எங்கே நின்றது, எங்கே உறைந்தது, எல்லாம் சொன்னேன். மான் வேட்டை அவசரத்தையும் சொன்னேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பன்னெண்டாம் தேதி."

"நான் கேட்டேனே. ஹோஸ்தானேன்னு கேட்டேனே."

"கேட்டே."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குழாயை எடுத்து, பிளந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"அவன் நிஜத்தைச் சொன்னான். என் மூஞ்சியப் பாத்து நிஜத்தைச் சொன்னான். நான் அவனைப் பொய் சொல்ல வச்சேன்." பிறகு, "நீ வீட்டுக்குப் போ ரெய்னோ," என்றாள்.

மே 24, ஞாயிறு

பெமிட்ஜி. அக்கா வீட்டுப் பின்படியில் வெண்டெல் உட்கார்ந்திருந்தான். நேற்றும் குடித்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, பூட்ஸைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அப்போ நான் கழட்டினேனா?"

"கழட்டினே."

"ஷெட்டுல மாட்டினேனா?"

"மாட்டினே வெண்டெல். விரல் ஒட்டிக்கிட்டது, தோல் உரிஞ்சது, எல்லாம் நடந்தது."

விரலை விரித்துப் பார்த்துக்கொண்டான். அழுதான். நான் ஒரு அடி எதிர்பார்த்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழாய் உன் தப்புடா. குடிச்சது என்னுது. அதையும் நீ எடுத்துக்காத," என்றான்.

அவன் அப்படிச் சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்: பன்னிரண்டாம் தேதி மாலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் குடித்திருக்கமாட்டான்.

மே 31

காபிக் கடையில் எழுந்து நின்று சொன்னேன். நான் பொருத்தியது, சாய்வு தப்பு, வெண்டெல் கழட்டியிருக்கிறான், எனக்கு முன்பே தெரியும். டாய்வோ மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் அந்தப் பாட்டில் பேச்சு பேசியிருக்கக் கூடாது," என்றான்.

ஜூன் 8

இரண்டு வீட்டில் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லியிருந்த வேலை வேண்டாம் என்றார்கள். சரி. மற்ற வீடுகளில் நான் பொருத்தியதையெல்லாம் ரசமட்டத்தோடு போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு பார்த்தாயிற்று. பதினேழும் சரி. வெண்டெலுடையது ஒன்றுதான் தப்பு.

ஜூன் 15

வெண்டெல் வீடு திரும்பிவிட்டான். ஆர்லிஸே போய்க் கூட்டிவந்தாளாம். அவர்கள் வீட்டு வடக்குப் பக்கக் குழாயும் நான் பொருத்தியதுதான். பார்க்க வரட்டுமா என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர் விர்ஜீனியாலேர்ந்து வேற பிளம்பர் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஜூன் 24, புதன்

குடியை விட்டவர்கள் கூட்டம், தேவாலயத்தின் நிலவறையில். மாதக் கடைசிப் புதன் வெளியாட்களும் வரலாம். வெண்டெல்தான் கூப்பிட்டான். மடக்கு நாற்காலி, காகிதக் கோப்பையில் காபி. ஆர்லிஸ் அவனுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஒவ்வொருவராக எழுந்து பெயரும் குடிக்காமல் இருந்த கணக்கும் சொன்னார்கள். ஒருவர் பத்தொன்பது வருஷம். ஒரு பெண் ஏழு மாதம்.

வெண்டெல் எழுந்தான். "என் பேரு வெண்டெல். முப்பத்தோரு நாள்."

பெமிட்ஜியில் பின்படியில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறான். இடையில் குடிக்காமல் இருந்திருந்தால் அடுத்த மாதம் நாலு வருஷம் என்று சொல்லியிருப்பான்.

ஆர்லிஸ் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.