கன்னியம்மா இடத்தில் சோலார்

ஜனவரி 7, 2025

மரக்காணம் பக்கத்து இருளர் குடியிருப்பில் இன்று ஏழு செங்கல்லைப் பெயர்த்து, சோலார் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து சிமெண்ட் பூசிவிட்டோம். அது அவர்களுடைய சாமி. கன்னியம்மா.

வேப்பமரத்தடியில் வரிசையாக நட்டிருந்ததாம். மழையில் மஞ்சள் கரைந்து வெறும் கல்லாக நின்றிருக்கிறது. கடல் காற்றுக்கு ஸ்டாண்டு ஆடும், பாரம் வேண்டும் என்று என் ஃபிட்டர் தென்னரசு எடுத்திருக்கிறான். "பொட்டு இல்ல, பூ இல்ல, எனக்கு எப்டி பாய் தெரியும்?" என்கிறான். நான் எங்கே இருந்தேன்? திண்டிவனம் கடையில், போனில்.

ஜனவரி 8

படிப்பகத்துக்கு சோலார் போடுவது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அந்த வேலையைக் கற்றுத்தருவது, அவர்கள் பாட்டையும் மூலிகைப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது. ஒரு அறக்கட்டளை எனக்குக் கொடுத்த வேலை இது. ஆறு பேர் கற்க வந்துகொண்டிருந்தார்கள். இன்று ஒருவரும் இல்லை.

அம்மணி மட்டும் போன் செய்தாள். ப்ளஸ் டூ முடித்தும் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். சாமியாடுகிற அத்தை கிளியம்மாள் சொல்லாமல் யாரும் வரமாட்டார்களாம். "இது நின்னுபோச்சின்னா நான் திரும்ப சூளைக்குத்தான் சார்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஜனவரி 9

வேறு ஊர் பாருங்கள் என்கிறார் அறக்கட்டளைக்காரர். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு இருளர் குடியிருப்பு தயாராம். வியாபாரத்துக்கு அதுதான் லாபம். ஆனால் சாமிக் கல்லைப் பெயர்த்தவன் என்ற பேரோடு அங்கே மட்டும் எப்படிப் போய் நிற்பேன்? எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஓடாதே முஜிபுர்.

ஜனவரி 11

ஸ்டாண்டை நானே கழற்றினேன். ஐந்து கல் முழுசாக வந்தது, இரண்டு உடைந்துபோனது. மேடை கட்டி டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். கிளியம்மாள் சிரித்துவிட்டார்.

"டைல்ஸ் போட்டா அவ வழுக்கி வுழுந்துடுவா பாய். உன் ஆளு கைய வெச்சப்பவே அவ கடலாண்ட போய்ட்டா. மாசி மகத்துல கூப்புடுவோம்."

வராவிட்டால் என்றேன்.

"உன் பொட்டிய எடுத்துக்கினு போய்க்கினே இரு."

மார்ச் வரை வேலை முடக்கம். பேஜாரு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 20

அம்மணி தினம் பஸ் ஏறிக் கடைக்கே வந்து வயரிங் கற்கிறாள். அத்தைக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை.

மார்ச் 12

மாசி மகம். கடற்கரையில் மணலைக் குவித்து ஏழு படி பிடித்து, விளக்கு வைத்துக் கூப்பிட்டார்கள். நோன்போடு போய்த் தள்ளி நின்றேன். என் மார்க்கம் வேறு. செருப்பை மட்டும் கழற்றிவிட்டேன். கிளியம்மாள் மேல் சாமி வந்தது. நேரே என்னிடம்தான் வந்தார்.

"என் எடத்துல கைய வெச்சியே, என்னா குடுப்ப?"

பேரம் பேசியே வளர்ந்த வாய். இன்று பேரம் பேசவில்லை. நீங்களே சொல்லுங்கம்மா என்றேன். அம்மணியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"இவளக் கேக்காம இனிமே மண்ணத் தொடாத."

நோன்பு திறக்க என்று பொங்கலை இலையில் கட்டிக் கொடுத்தார்கள்.

மார்ச் 15

வேலை மறுபடி தொடங்கியது. ஐந்து பேர் வந்தார்கள்; ஆறாவது பையன் சூளைக்குப் போய்விட்டானாம்.

கிளியம்மாளோடு பேசி முடித்தது: எந்த இருளர் ஊரானாலும் முதலில் அம்மணி போவாள். அவள் காட்டாத இடத்தில் கடப்பாரை இறங்காது. பாட்டு அந்தந்த ஊர்க் கம்ப்யூட்டரைத் தாண்டாது. அம்மணிக்குக் கூலி, தென்னரசுக்கு என்னவோ அதுவே.