கண்ணாடி மிதவை சொன்னது

நேற்றுப் பிரஷர் மருந்துக்காக ஆஸ்பத்திரி வரிசையில் இருந்தேன். முன்னால் ஒரு தாய், மடியில் வாடிப்போன பிள்ளை. வயிற்றோட்டமாம். பக்கத்தில் இருந்தவளிடம் ஆறுதலாகச் சொன்னாள்: “மூத்திரம் தெளிவாத்தான் போகுது அக்கா, தண்ணி மாதிரி.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தீவில் பார்த்த ஒரு சிறுமியின் ஞாபகம் வந்தது. கூடவே, நண்பரே, உம்மீதுள்ள பழைய கோபமும் கிளம்பியது.

விடுதியில் ஒரே அறையில் இருந்து படித்தோம். பிறகு நான் நெடுந்தீவில் மருந்தகம் நடத்தும் அப்போதிக்கரி, நீரோ பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரத்தமும் சிறுநீரும் சோதிப்பவர். எண்பதுகளின் போருக்குள் நமக்கிடையே கடலும் பஸ்சும் வழிமறிப்புகளும் இருந்தன. நான் அனுப்பும் சிறுநீர்ப் போத்தல்கள் வெயிலில் கெட்டுத்தான் உமது மேசைக்கு வரும். “இதென்ன, தேத்தண்ணியோ அனுப்பினீர்?” என்று வள்ளக்காரரிடம் சொல்லிவிடுவீர். எனக்கு எரிச்சல் வரும். நான் என்ன, வேண்டுமென்றா வெயிலில் வைத்தேன்?

பிறகு உமக்கே மனம் கேளாமல், சிறுநீரின் செறிவு பார்க்கும் கண்ணாடி மிதவை ஒன்றைப் பஞ்சில் சுற்றி அனுப்பினீர். வெறும் தண்ணீரில் அது ஆயிரம் என்ற கோட்டில் நிற்க வேண்டும். எனக்கு நிற்கவில்லை. மிதவை பழுது என்று எழுதினேன். “உம்மடை கிணத்துத் தண்ணியிலையோ விட்டுப் பாத்தனீர்? மிதவையிலை பிழையில்லை ஐசே, தீவிலைதான் பிழை. மழைத்தண்ணியிலை விடும்” என்று பதில் வந்தது. உப்பு மிதவையைத் தூக்கிவிடும் என்பது உப்புத் தண்ணீரையே குடித்து வாழ்பவனுக்குத் தோன்றவில்லை.

நாம் இருவரும் அஞ்சியது ஒன்றுக்குத்தான். வயிற்றோட்டத்தில் வற்றிப்போன பிள்ளையின் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பார்க்கும். சிறுநீர் கொஞ்சமாக, கடும் நிறத்தில் வரும், மிதவை உயர நிற்கும். உடல் வற்றியிருக்கச் சிறுநீர் மட்டும் தெளிவாக வந்தால், சிறுநீரகம் தன் வேலையை விடத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இதை நான் எந்தத் தாய்க்கு விளங்கப்படுத்துவேன்? தெளிந்தால் சுகம் என்றுதான் ஊரே நம்பியது.

அந்தச் சிறுமியை ஒரு நாள் தாய் மருந்தகத்துக்குத் தூக்கிவந்தாள்; நாலு வயதிருக்கும். இரண்டு நாளாக ஓடிய வயிற்றோட்டம் நின்றிருந்தது. தாய் சின்னப் போத்தலை நீட்டிச் சிரித்தாள். “பாருங்கோ ஐயா, எவ்வளவு தெளிவு! இனிப் பயமில்லைத்தானே?”

மிதவை கீழே போய் ஆயிரத்துப் பத்தில் நின்றது. குழாயைத் துடைத்து மறுபடி விட்டேன். அதே இடம். நான் பருக்கிய உப்புச் சீனிக் கரைசலால்தான் தெளிந்ததோ? அப்படியானால் நாக்கு ஏன் காய்ந்து கிடக்கிறது? கிள்ளிய தோல் ஏன் மடிந்தபடியே நிற்கிறது? நீர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சொல் கேட்டிருப்பேன்.

பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பியாக வேண்டும்; அன்று கடலில் வள்ளம் ஓடக் கடற்படையின் தடை. வள்ளக்காரர் சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூத்திரம் அடைச்செண்டால் உயிரைக் குடுத்தும் ஓடுவன் ஐயா. தெளிஞ்ச மூத்திரத்துக்கு ஆரும் நேவிக்காரனிட்டைச் சூடு வாங்குவினமோ?”

எனக்கு வாதாட ஏலாது, உமக்குத் தெரியும். வள்ளத்தில் ஏறி, மிதவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கச் சொன்னார். இறங்கவில்லை. சூசை கடைசியில் தலையில் கைவைத்தார். “உங்களைப் பாத்தால் எனக்கே மூத்திரம் அடைக்கும்போலை கிடக்கு. இறங்குங்கோ ஐயா, பிள்ளையை ஏத்துங்கோ. மருந்தகத்திலை சனம் நிக்குது.” தாயும் பிள்ளையும் ஏறினார்கள். மிதவை காட்டியதை உமக்கொரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் கரையில் நின்றேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பிய சூசை கொண்டுவந்த சேதி இவ்வளவுதான்: “லாப் ஐயா சொன்னவர், மிதவை சொன்னது சரியாம். சிறுநீரகம்தானாம். மிச்சம் நேரிலை சொல்லுறாராம்.”

நேரில்! மருந்தகத்தை விட்டுத் தீவைத் தாண்ட முடியாத என் நிலைமை தெரிந்தும் அப்படிச் சொல்லிவிட்டீர். பிள்ளையின் வீட்டார் தீவுக்குத் திரும்பவில்லை. பட்டணத்தில் சொந்தக்காரரோடு இருந்துவிட்டு எங்கோ போய்விட்டார்களாம். உமக்கு இருமுறை எழுதினேன். பதில் எழுதாமல் விட்டீரோ, எழுதியது வழியில் நின்றதோ தெரியாது. பாதை மூடியது. தொண்ணூற்றைந்தில், சண்டைக்கு அஞ்சி இடம்பெயர்ந்த சனத்தோடு சனமாக நீரும் பட்டணத்தை விட்டுப் போனீர். அங்கே, முகம் தெரியாத ஊரில், காய்ச்சலில் முடிந்தீர் என்று பிந்தித்தான் கேள்விப்பட்டேன். அழுதேன். அழுகை முடிய முதலே, அந்தப் பிள்ளையின் முடிவைச் சொல்லாமல் போனீரே என்று கோபம் வந்தது. இன்றும் வருகிறது.

நேற்று அந்தத் தாயிடம் கேட்டேன்: “மகள், அவனை ஒருக்கால் நாக்கை நீட்டச் சொல்லும்.”

“நீங்கள் டொக்டரோ?”

“இல்லை.”

“பின்னை என்னத்துக்கு?” என்று முகத்தைத் திருப்பினாள். வேறு நாளென்றால் அத்தோடு வாயை மூடியிருப்பேன். நேற்று எழும்பிப் போய், உள்ளே இருந்த இளம் டொக்டரின் கதவைத் தட்டினேன். அவர் வந்து பார்த்தார், தோலைக் கிள்ளினார், வரிசையைத் தாண்டிப் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனார். என் மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மிதவை அலுமாரியில், நீர் சுற்றிய அதே பஞ்சில் இருக்கிறது. அந்தத் தீவுச் சிறுமி பிழைத்தாள் என்று நீர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் எப்போதோ ஆறியிருப்பேன். சொல்லவில்லை. அதனால் இந்த வயதிலும் கண்ட பிள்ளையையெல்லாம் நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.