பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

விருத்தாசலம்,
17.7.2004

அன்புள்ள கமலத்துக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் இங்கே சுகம்.

போன வாரம் பீங்கான் கம்பெனியில் தட்டு உடைந்து என் விரலை லேசாகக் கீறிவிட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது. அதுவரை பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் பூங்கோதை அக்காவுக்கு உதவியாக என்னை உட்காரவைத்தார்கள். அவர் கம்மாபுரத்துக்காரர். சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டையில் பீங்கான் சில்லு, வளையல் துண்டு, வைக்கோல் எல்லாம் ஒட்டி ஒரு வயலையே செய்துகொண்டிருந்தார்.

"எங்க நெலம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போவுதுங்க. கண்ணு முன்னால இருக்கட்டுமேன்னு ஒட்டுறேன்" என்றார்.

அதைப் பார்த்தபின் என் கையும் சும்மா இருக்கவில்லை. சங்கரன்கோவிலில் நீ என்னைப் பஸ் ஏற்றிவிட்ட காலையைச் செய்தேன். பஸ் முழுக்கச் சில்லு, சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான், ஜன்னலில் அன்றைய டிக்கெட். பசையும் வண்ணமும் அக்கா தந்தார். வேலையை விட்டு வந்துவிடலாமா என்று தவித்த மனசு, ஒட்ட ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் அக்காவுக்கு உன் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடு. வேறெப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

"பஸ்ஸுக்குப் பக்கத்துல ஏன் காலியா வுட்டிருக்கீங்க?" என்று நேற்று அக்கா கேட்டார்.

"அங்க என் சம்சாரம் நிக்கணும்க்கா. வரையத் தெரியலை."

"வரைய வேணாங்க. அவங்க சேலையில ஒரு துண்டு வாங்கி ஒட்டுங்க."

பஸ் ஏற்றிவிட்ட அன்று நீ கட்டியிருந்த பச்சைச் சேலை கிழிந்திருந்தால் விரலகலம் வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்பு. கிழியாவிட்டால் வெட்டாதே. வேறு எந்தத் துணியானாலும் சரி, நீ உடுத்தியதாக இருந்தால் போதும்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

உன்
தங்கதுரை