படகா, உருண்டையா

யோக்யகர்த்தா

அன்பு மகன் பிரமோனோவுக்கு,

நான் மறுமணம் செய்துகொள்ளப் போவதில்லை. உன் தங்கை போனில் சொல்லிச் சிரித்திருப்பாள், அதனால் இதை முதலில் எழுதுகிறேன். மற்றபடி நலம், ரோட்டர்டாம் குளிரில் நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நடந்தது இதுதான். அப்பாவின் கிரிஸ் கத்தியின் உறையைக் கரையான் அரித்துவிட்டது. புது உறைக்காக சுகெண்டாரின் பட்டறைக்குப் போனேன், பக்கத்து வீட்டு வர்த்தினியும் ரிக்‌ஷாவில் ஒட்டிக்கொண்டாள். அங்கே வந்திருந்த ஒருவர் கத்தியைப் பார்த்துவிட்டு, "இபு, மஹர் எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?" என்று, அம்மா என்பதுபோல் மரியாதையாக இபு போட்டுக் கேட்டார். கிரிஸுக்கு விலை என்று கேட்கமாட்டார்கள், கல்யாணப் பெண்ணுக்குத் தருவதைப்போல் மஹர் என்றுதான் கேட்பார்கள் என்பது ஜாவாவில் பிறந்த வர்த்தினிக்குத் தெரிய வேண்டாமா? விற்பதற்கில்லை என்று நான் சொன்னதை விட்டுவிட்டு, வாசலில் நின்றவள் மஹரை மட்டும் காதில் வாங்கி, "இந்த வயசுல மஹர் பேசுறாங்கடி!" என்று ஞாயிற்றுப் பூசை முடிவதற்குள் மாதா கோவில் முழுக்கப் பரப்பிவிட்டாள்.

சுகெண்டார் திமோஹோ மரத்தில் இரண்டு பலகைகளை எடுத்து வந்தார். ஒன்றில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருந்தன, எனக்கு அதுதான் பிடித்தது. "வேணாம் இபு, கத்தி இரும்புலயே அரிசியக் கொட்டின மாதிரி அத்தன புள்ளி. மரமும் வாயாடினா வீடு என்னாகும்? ஒண்ணு பேசணும், இன்னொண்ணு கேட்டுக்கணும்" என்றார். வெளிறிய மரத்தில் இரண்டே மேகத்திட்டுகள் உள்ள மற்றப் பலகையைக் கத்தியருகே பிடித்தார், வேறு பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வீட்டில் இரும்பு யார், மரம் யார் என்று உனக்குத் தெரியும். இப்போது நான் பேசினால் கேட்டுக்கொள்ள ஆளில்லை. உறையில்லாத கத்தியைத் துணியில் சுற்றி, கட்டிலில் அப்பா படுக்கும் பக்கம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் புரண்டு படுப்பதில்லை.

பலகை ஓர் உறைக்குத்தான் காணும். விசேஷத்தில் இடுப்பில் செருகுவதென்றால் படகு வடிவம், அலமாரியில் கிடப்பதென்றால் உருண்டை வடிவம், எது என்று சுகெண்டார் கேட்கிறார். பெசார் மாதத்தில் உன் தங்கை மகள் ராத்ரிக்குத் திருமணம். அப்பா இருந்தால் அவர் இந்தக் கிரிஸை இடுப்பில் செருகி நின்றிருப்பார், இல்லாததால் தாய்மாமன் நீ செருக வேண்டும். போனில் கேட்டால் பார்க்கலாம் என்கிறாய். பார்க்கலாம் என்று மரத்தை வெட்ட முடியாது. வா என்று நான் கெஞ்சவில்லை, அந்தப் பழக்கம் எனக்கில்லை. பதில் வரும்வரை ரம்பத்தை வைக்காதீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. போன கடிதத்தில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாய், கவனி. ஆண்டவர் உன் வாசலையும் வழியையும் காக்கட்டும்.

படகா, உருண்டையா? போனில் வேண்டாம், கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
தெரேசியா சுஹார்த்தினி