எனக்கு வரும் செய்தியை நானே படிக்க ஒரு போன்

மார்ச் 4, வெள்ளி

காலை ட்ரிப்பை முடித்து, தான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு ஹெல்வி வந்தாள். பூட்ஸிலிருந்து பனியை உதறுகிற சத்தத்திலேயே அக்காவின் மனநிலை தெரிந்துவிடும். இன்று நல்ல மனநிலை. காப்பி ஊற்றிக்கொண்டு என் போனை எடுத்தாள். டெனிஸிடமிருந்து செய்தி வந்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மீன் சூப் வச்சானாம். உப்பு கூடிப்போச்சாம்." ஒரு மடக்கு காப்பி. "உன்னை நினைச்சுக்கிட்டே உப்புப் போட்டானாம். இந்த வயசுல என்னெல்லாம் எழுதறான் பாரு."

பேருந்தில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவாளே, அதே குரலில்.

என்னுடையது பொத்தான் போன், எதையும் வாய்விட்டுப் படித்துப் பேசாது. கண் முழுதாகப் போனதிலிருந்து எனக்கு வருகிற ஒவ்வொரு செய்தியும் அக்காவின் வாய் வழியாகத்தான் வருகிறது. வங்கி, மருத்துவமனை, என்னிடம் மசாஜுக்கு நேரம் கேட்பவர்கள், இப்போது டெனிஸ். பதிலும் அப்படித்தான். நான் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். சில சமயம் நான் நீளமாக ஏதோ சொல்வேன். அவள் நாலு தட்டு தட்டி முடித்துவிடுவாள். என்னதான் அனுப்புகிறாள்?

போனில் பேசிக்கொள்ளவும் வழியில்லை. டெனிஸுக்குப் பார்வையோடு காதும் மங்கிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகப் பேசலாம்; போனில் என் குரல் அவனுக்கு வெறும் இரைச்சல். பெரிய எழுத்தாக்கினால் படிப்பான். நவம்பரில் பார்வையற்றோர் கர்லிங் போட்டிக்காக சூ செயின்ட் மரியிலிருந்து அவன் அணி இங்கே தண்டர் பேவுக்கு வந்தது. பனித்தரையில் அவன் தள்ளிய கல் என் கல்லை வெளியே தட்டிவிட்டது, அவனே வந்து மன்னிப்புக் கேட்டான். அப்படித்தான் ஆரம்பம். அவன் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். ஆக எங்களுக்கு இருப்பது எழுத்து ஒன்றுதான். அதுவும் நடுவில் ஹெல்வி.

இன்னொரு செய்தியும் இருந்தது. பழைய போன்களுக்கான சிக்னலை மே மாதத்தோடு நிறுத்துகிறார்களாம், புதுசு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஹெல்வி "சனியன்" என்றாள். எனக்கு உள்ளே என்னவோ துள்ளியது.

மார்ச் 5, சனி

வாங்கினால் பேசுகிற போன். என்னிடம் மட்டும் பேசுகிற போன்.

மார்ச் 8, செவ்வாய்

ஹெல்வியோடு போன் கடைக்குப் போனேன். விற்பனையாளர் பெயர் மரே. கனத்த குரல், மரியாதையான மனிதர். நான் கவுன்ட்டரில் கையை வைத்தபடி நிற்கிறேன். அவர் என் தலைக்கு மேலே அக்காவைக் கேட்கிறார்: "அவங்களுக்கு எந்த மாதிரி வேணும்?"

அக்காவும் பதில் சொல்கிறாள்! வயதானவர்களுக்கான போன், பெரிய பெரிய பொத்தான், ஒன்றை அமுக்கினால் தனக்கு அழைப்பு வர வேண்டும், ஒன்றை அமுக்கினால் ஆம்புலன்ஸ் வர வேண்டும். மரே ஒன்றைக் கொடுத்தார். வாங்கித் தடவினேன். பொத்தான்கள் அழகாகத்தான் இருந்தன. எண்களைச் சொன்னது. செய்தியைப் படிக்குமா என்றேன். படிக்காதாம்.

"அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றாள் ஹெல்வி.

எனக்கு நாற்பத்தேழு வயது. அதைத் திருப்பி வைத்தேன். "அவங்களுக்குப் பிடிக்கலையா?" என்று மரே மறுபடி அவளைக் கேட்டார்.

"அவங்க இங்கதான் நிக்கறாங்க, அவங்களையே கேளுங்க" என்றேன். நல்லவேளை, சிரித்துக்கொண்டே வந்தது. அவர் இருமினார். பிறகு என்னிடமே பேசினார். ஆனால் தொடுதிரை வைத்த கண்ணாடி போன் எதையும் எனக்குக் காட்டத் தெரியவில்லை. அவை பேசும் என்று கேள்விப்பட்டதோடு சரி, எப்படிப் பேச வைப்பது என்று தெரியாது என்று ஒத்துக்கொண்டார்.

வீடு வந்ததும் ஹெல்வி, அந்தப் பொத்தான் போனுக்கு என்ன குறைச்சல் என்றாள்.

மார்ச் 12, சனி

இன்று அசிங்கமாகிவிட்டது.

கர்லிங் முடிந்ததும் பெர்னிஸிடம் அவள் போனைக் கேட்டேன். எழுபது வயது, பிறவியிலேயே பார்வை இல்லாதவள், எங்கள் அணியின் தலைவி. அவள் போன் பேசுகிற வேகம் இருக்கிறதே, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி. எனக்காக வேகத்தைக் குறைத்துக் கொடுத்தாள்.

தொட்டேன். கண்ணாடி. வெறும் வழவழப்பு. எங்கே என்ன இருக்கிறது, ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. விரல் பட்ட இடமெல்லாம் எதையோ சொல்கிறது, நான் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும் என்றாள். தட்டினேன். அவள் பல்வைத்தியருக்கு அழைப்புப் போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்...

என் கைதானே எனக்கு எல்லாம்? கையை வெச்சுத்தானே சம்பாதிக்கிறேன், முதுகைத் தொட்டாலே எங்கே வலின்னு சொல்லிடுவேனே. ஒரு கண்ணாடித் துண்டுகிட்டே தோத்துட்டேனே. ஹெல்வி சொன்னதுதான் சரியா? பெரிய பொத்தான், ஆம்புலன்ஸ், அவ்வளவுதானா என் லட்சணம்?

மார்ச் 13, ஞாயிறு

பெர்னிஸ் வாழ்க! ஆயிரம் தடவை வாழ்க!

காலையிலேயே அழைத்தாள். "நேத்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே போனியே, ஜலதோஷமா?" என்றாள். ஒன்றையும் மறைக்க முடியாது அவளிடம். வீட்டுக்கு வரச் சொன்னாள். பிங்க் பாகு தடவிய பெர்சியன் பன்னோடு போனேன்.

"கையைத் துடைச்சுட்டு வா" என்றாள். போனைப் படுக்கைவாட்டில் என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே நிறுத்தினாள், கண்ணாடிப் பக்கம் வெளியே பார்க்க, முதுகு என் வயிற்றைப் பார்க்க. கட்டை விரல்களால் தாங்கிக்கொண்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள்.

"இப்ப உன் பேரைப் பிரெய்ல்ல அடி."

"எதுல அடிக்கறது? இதுல புள்ளியே இல்லையே."

"உன் விரல்தான்டி புள்ளி. அடி."

அடித்தேன். இந்த நாட்குறிப்பை எழுதுகிற பிரெய்ல் எந்திரத்தில் எப்படி ஆறு சாவிகளைச் சேர்த்தும் பிரித்தும் அமுக்குவேனோ, அதேபோல. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. கடைசியில் "ரைலி" என்றது.

ரைலி!

மறுபடி அடித்தேன். "ரைலி கோஸ்கெலா." "ரைலிக்குப் பசிக்கிறது." "பெர்னிஸ் ஒரு குண்டுப் பூனை." அவள் என் தொடையில் ஒரு அடி போட்டாள். பிற்பகல் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தேன், என் வீட்டு எந்திரத்தைவிட வேகமாக வந்தது. மேடும் பள்ளமும் என் கையிலேயே இருந்திருக்கிறது, நான்தான் அதைக் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் காட்டினாள். மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை முழுக்கக் கறுத்துவிடுமாம். போன் வழக்கம்போல் வேலை செய்யும், பேசும். ஆனால் பார்வையுள்ளவர்கள் எட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. காதில் ஒரு இயர்போனை மாட்டிக்கொண்டால் உலகத்தில் எனக்கு மட்டும்தான் கேட்கும்.

"முகமெல்லாம் சூடாயிடுச்சா?" என்றாள். எப்படித் தெரிந்தது?

மார்ச் 16, புதன்

வேலையில் முதுகுகளின் மேல் பிரெய்ல் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் "இது புது முறையா, சுகமா இருக்கே" என்றார்.

மார்ச் 19, சனி

எழுதவே முடியவில்லை, சிரிப்பு அடங்கட்டும்.

பெர்னிஸும் நானும் மட்டும் கடைக்குப் போனோம். மரே இருந்தார். இந்தத் தடவை என்னைத்தான் கேட்டார், பெயர் சொல்லியே கேட்டார். எல்லாப் போன்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். மேசையில் கம்பியால் கட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனார்.

பேச்சைத் தொடங்கி வைக்கிற பொத்தானை பெர்னிஸ் சொல்லிக் கொடுத்தாள். சில போனில் பக்கவாட்டு விசையை மூன்று முறை அமுக்க வேண்டும். சிலவற்றில் ஒலி விசைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நான் இந்த முனையிலிருந்து, அவள் அந்த முனையிலிருந்து. ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு பேச ஆரம்பித்தன. ஒன்று நேரம் சொல்கிறது, ஒன்று பாட்டரி எவ்வளவு என்கிறது, ஒன்று பிரெஞ்சில் வரவேற்கிறது. கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்கக் கல்யாணப் பந்தி மாதிரி இரைச்சல்.

மரே ஓடி வந்து நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை! பேச்சு ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயர்தானே சொல்லும்? அவர் தொடத் தொட அது "அமைப்புகள், அமைப்புகள், அமைப்புகள்" என்கிறது. இன்னொரு ஊழியர் வந்தார், அவராலும் முடியவில்லை. வாங்க வந்த கூட்டம் சிரிக்கிறது. கடைசியில் மரேயும் சிரித்துவிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடச் சொல்லுங்க" என்றார்.

ஒவ்வொன்றாக மூடினேன். பக்கத்தில் நின்று, எப்படி மூடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். இரண்டை மட்டும் மூடவில்லை. அவற்றுக்குள்தான் போட்டி. ஒன்றில் பூட்டைத் திறக்க முகத்தைக் காட்ட வேண்டும். அது என் கண் தன்னைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பை நிறுத்திவிடலாம்தான், ஆனால் நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் பக்கவாட்டு விசையிலேயே விரல் ரேகை. சட்டைப் பைக்குள் இருக்கும்போதே விரலை வைத்தால் திறந்துகொள்கிறது. குரலும் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் அடித்தொண்டைப் பெண் குரல். ஆறு விரலையும் வைத்துப் பார்த்தேன். "டெனிஸ்" என்று அடித்தேன். சொன்னது.

அதுதான். அதேதான்.

மார்ச் 20, ஞாயிறு

ஹெல்வி கண்ணாடி போனைப் பார்த்தாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு, திரை கறுப்பா இருக்கு, மாத்திக் கேளு" என்றாள்.

செத்துப்போகவில்லை, நான்தான் அப்படி வைத்திருக்கிறேன் என்றேன்.

பிறகு காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

மார்ச் 21, திங்கள்

டெனிஸுக்கு நானே எழுதிய முதல் செய்தி: "இது ரைலி. என் விரலால். இனி வேறு யாரும் படிக்க மாட்டார்கள்."

பதில் உடனே வரவில்லை. ஒருவருக்கு இரண்டு முறை தோளைப் பிசைந்துவிட்டேன், அவ்வளவு பதற்றம். பிறகு பையில் அதிர்ந்தது. கையை எண்ணெய் போகக் கழுவி, காதில் மாட்டி, விரலை வைத்தேன்.

"அப்போ இத்தனை நாளா உன் அக்காவுக்குத்தான் எழுதிக்கிட்டு இருந்தேனா? அதான் சூப்பைப் பத்தியே எழுதினேன். எனக்கு சூப் பிடிக்கவே பிடிக்காது, ரைலி. உன்கிட்ட சொல்ல வேண்டியது வேற இருக்கு."

அதன்பின் வந்ததை இங்கே எழுத மாட்டேன். என் காதில் இருக்கிறது.

மார்ச் 26, சனி

ஒரு வாரமாக ஹெல்வி காலையில் வரவில்லை. நானே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனேன். சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தோம். சூடான கல்லில் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள். "அர்மாஸ் போனதுக்கு அப்புறம் எனக்கு யாரும் எழுதறதில்ல. உனக்கு வர்றதைப் படிக்கறப்போ எனக்கே வந்த மாதிரி இருக்கும். அசிங்கமா இருக்குல்ல?"

இல்லை என்றேன். அவள் கணவர் போய்ச் சேர்ந்து இத்தனை காலத்தில் இப்படி அவள் பேசியதே இல்லை.

"நான் சொன்னதையெல்லாம் நீ அடிச்சியா?" என்று கேட்டேன்.

"பாதி. மீதி எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும். வியர்வையில் யார் அழுதோம் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை.

அப்போதே சொல்லிவிட்டேன்: டெனிஸ் என்னை அவன் ஊருக்கு வரச் சொல்கிறான், நான் தனியாகப் பஸ்ஸில் போகப்போகிறேன். எங்கெல்லாம் பஸ் நிற்கும், வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று அடுக்கினாள். கேட்டு முடித்துவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுது" என்றாள். அழை என்று சொல்லவில்லை. எழுது என்றாள்.

ஏப்ரல் 30, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன்! இது பிரெய்ல் எந்திரத்தில் இல்லை, போனில். எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று காதில் சொல்லிக்கொண்டே வருகிறது. இடது பக்கம் முழுக்க மரம், வலது பக்கம் ஏரி என்று பக்கத்து இருக்கை அம்மாள் சொன்னார். என்ன வேலையாகப் போகிறீர்கள் என்றும் கேட்டார். ஒரு ஆளைப் பார்க்க என்றேன். "ஆளையா!" என்று தன் பிஸ்கெட்டில் பாதியைக் கொடுத்தார்.

மே 1, ஞாயிறு

டெனிஸ் மேல் அவன் வேலை செய்கிற ரொட்டிக்கடையின் மாவு வாசனை. அவன் கைகள் பெரியவை. நான் அவனுடைய நல்ல காதின் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

மே 8, ஞாயிறு

ஹெல்விக்குத் தினமும் எழுதுகிறேன், அவளும் எழுதுகிறாள். நேரில் பேசாததையெல்லாம் எழுதுகிறாள். பேருந்தில் ஒரு பிள்ளை தன் மேல் வாந்தியெடுத்ததைப் பற்றி ஒரு பெரிய கதை. சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இந்த ஊர் மசாஜ் நிலையம் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று டெனிஸ் போகிறபோக்கில் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான், கழுவின பாத்திரத்தையே.

மதியம், திரும்பிப் போகிற டிக்கெட்டுக்காகப் போனில் பஸ் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். புறப்படும் இடம், சூ செயின்ட் மரி. சேரும் இடம், தண்டர் பே. பயணிகள், ஒருவர். பயணத் தேதி, காலி.

அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன். காலி, என்றது மறுபடி. மூடிவிட்டுப் பாத்திரம் துடைக்கப் போனேன்.